லோதிகா சர்க்கார்: ஒரு சட்டப் பேராசிரியரோட வாழ்க்கை, 1979ல எழுதின அந்தக் கடிதம். பேசலாம் வாங்க

கருவேலங்காடு:
எல்லாருக்கும் வணக்கம். நான் சட்டக் கல்லூரில எவிடன்ஸ் (சாட்சியச் சட்டம்) எடுக்கறேன். ஒவ்வொரு வருஷமும் 114ஏ பிரிவு வரும்போது (சில பலாத்கார வழக்குகள்ல சம்மதம் இல்லன்னு கோர்ட் ஊகிச்சுக்கற விதி, இப்ப புது சாட்சிய அதினியத்துல அது 120) பசங்க பிரிவு நம்பரை எழுதிக்கறாங்க, பரீட்சைக்கு இது முக்கியமான்னு கேக்கறாங்க, அவ்ளோதான். அந்தப் பிரிவு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா பார்லிமென்ட்னு பதில் வருது. பார்லிமென்ட் வரைக்கும் அதைத் தள்ளிட்டுப் போனதுல நாலு பேருக்குப் பெரிய பங்கு இருக்கு, நாலு பேருமே சட்டம் படிச்சு சட்டம் சொல்லிக்கொடுத்தவங்க: உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார். ஒரு பலாத்கார வழக்குல ரெண்டு போலீஸ்காரங்களை விடுதலை பண்ணின சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைக் கண்டிச்சு இந்த நாலு பேரும் 1979ல இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதினதுதான் தலைப்புல சொன்ன கடிதம். இதுல பக்ஷி பேரு ஓரளவு தெரியும். லோதிகா மேடம் பேரு தமிழ்ல யாரும் எழுதிப் பெருசா நான் பாத்ததில்ல, அதுக்குத்தான் இந்த இழை.

சுருக்கமா சொல்றேன், தெரிஞ்சவங்க சேத்துக்கோங்க. 1923ல பிறந்தவங்க, வங்காளக் குடும்பம், கேம்பிரிட்ஜ்ல சட்டம் படிச்சு டாக்டரேட் வாங்கினாங்க. 1950கள்ல டெல்லி பல்கலைக்கழக சட்டத்துறைல சேந்தாங்க, அங்க சட்டம் சொல்லிக்கொடுத்த முதல் பெண் அவங்கதான். எடுத்தது முக்கியமா கிரிமினல் லா. 1971ல மத்திய அரசு இந்தியாவுல பெண்கள் நிலை பத்தி ஆராய ஒரு கமிட்டி போட்டுச்சு, அதுல உறுப்பினர். 1974 அறிக்கை அது, பெண்கள் பத்தின ஆய்வுன்னு இந்த நாட்டுல எது தொடங்கினாலும் அங்கிருந்துதான் தொடங்கணும். 1980ல டெல்லில பெண்கள் மேம்பாட்டு ஆய்வு மையம் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். 2013 பிப்ரவரி 23 காலமானாங்க.

இந்த இழைல அந்த வழக்கை "துக்காராம் எதிர் மகாராஷ்டிரா"ன்னே சொல்லலாம்னு கேட்டுக்கறேன். பாதிக்கப்பட்ட பொண்ணு பேர்லதான் நாடு முழுக்க அந்த வழக்கைச் சொல்றாங்க, ஆனா பாதிக்கப்பட்டவங்க பேரை வெளியிடக் கூடாதுங்கற தண்டனைச் சட்டத்தோட 228ஏ பிரிவே அந்த வழக்குக்கு அப்பறம் வந்ததுதான். நாம குற்றம் சாட்டப்பட்டவன் பேர்லயே கூப்பிடுவோம்.

கடைசிபெஞ்ச்:
சார் நான் நாலாவது வருஷம் படிக்கறேன், 114ஏ எழுதியிருக்கேன் ஆனா சத்தியமா இந்தக் கதை தெரியாது. வழக்கு என்னன்னு கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன், நோட்ஸ்ல ரெண்டு வரிதான் இருக்கு

கருவேலங்காடு:
சொல்றேன் தம்பி. 1972 மார்ச் 26, மகாராஷ்டிரால தேசாய்கஞ்ச் போலீஸ் ஸ்டேஷன். பொண்ணுக்கு வயசு பதினாலுக்கும் பதினாறுக்கும் நடுவுல, பழங்குடிப் பொண்ணு, அப்பா அம்மா கிடையாது, அண்ணன் வளக்கறான், வீட்டு வேலை செஞ்சு பொழைக்குது. அந்தப் பொண்ணு ஒருத்தனை விரும்பி அவன்கூடப் போனதுல அண்ணன் கடத்தல்னு புகார் குடுத்துட்டான், அதுக்காக எல்லாரையும் ராத்திரி ஒம்பது மணிவாக்குல ஸ்டேஷனுக்கு வரவெச்சாங்க. வாக்குமூலம் எழுதி முடிச்சு எல்லாரும் கெளம்பும்போது பொண்ணை மட்டும் உள்ள இருக்கச் சொன்னாங்க. கதவைச் சாத்தி வெளக்கை அணைச்சாங்க. சொந்தக்காரங்க வெளில நிக்கறாங்க. உள்ள ரெண்டு கான்ஸ்டபிள், கண்பத், துக்காராம்.

செஷன்ஸ் கோர்ட் 1974 ஜூன்ல ரெண்டு பேரையும் விட்டுருச்சு, பொண்ணு பொய் சொல்லுது, சம்மதத்தோட நடந்ததுன்னு. நாக்பூர் ஹைகோர்ட் பெஞ்ச் 1976ல அதைத் திருப்பிப் போட்டு கண்பத்துக்கு 5 வருஷம், துக்காராமுக்கு 1 வருஷம் குடுத்துச்சு. ஹைகோர்ட் சொன்ன காரணம் ரொம்பத் தெளிவு: அந்த ரெண்டு பேரும் பொண்ணுக்கு முன்னப்பின்ன தெரியாதவங்க, தன் அண்ணன் குடுத்த புகாருக்காக வந்த பொண்ணு அங்க போய் இதுக்கு இசைஞ்சுதுன்னு எப்படி நம்பறது, பயத்துல அடங்கிப் போறது சம்மதம் ஆகாது. 1978 செப்டம்பர் 15, சுப்ரீம் கோர்ட் மூணு நீதிபதி பெஞ்ச், எழுதினது நீதிபதி கோஷல். ரெண்டு பேரும் விடுதலை. உடம்புல காயம் இல்ல, அதனால போராட்டம் இல்ல, போராட்டம் இல்லாததால சம்மதம்.

தாமரைச்செல்வி_எல்எல்எம்:
அந்தத் தீர்ப்பை முழுசா படிச்சப்ப எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்ல. அதுல தர்க்கம் எங்க ஒடையுதுன்னு பாருங்க. "காயம் இல்ல"ங்கறது ஒரு ஃபேக்ட். "அதனால எதிர்க்கல"ங்கறது ஊகம். "அதனால சம்மதிச்சா"ங்கறது அந்த ஊகத்து மேல இன்னொரு ஊகம். இப்படி ரெண்டு படி தாண்டித்தான் தீர்ப்பு விடுதலைக்கு வருது, நடுவுல பூட்டின கதவு, அணைச்ச வெளக்கு, யூனிஃபார்ம், ராத்திரி நேரம் இது எதுவுமே கணக்குல வரல.

கடிதத்துல அவங்க நாலு பேரும் புடிச்சதும் இதைத்தான். சம்மதத்துக்குள்ள அடங்கிப் போறது இருக்கலாம், ஆனா அடங்கிப் போன எடத்துல எல்லாம் சம்மதம் இருக்காதுன்னு எழுதினாங்க. இது கிரிமினல் லா க்ளாஸ்ல முதல் மாசம் சொல்லித்தர்ற விஷயம். சுப்ரீம் கோர்ட்டுக்கு அதை நாலு வாத்தியாருங்க திருப்பிச் சொல்ல வேண்டி இருந்துச்சு.

க்ராஸ்_எக்ஸாமினர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் டிஃபென்ஸ் பக்கம் ப்ராக்டிஸ் பண்றவன், அதனால மாத்துக் கருத்து ஒண்ணு வெக்கறேன், தப்பா எடுத்துக்க வேணாம். அந்தத் தீர்ப்பு மோசமான தீர்ப்புன்னு நானும் ஒத்துக்கறேன். ஆனா பேராசிரியர்கள் கடிதம் எழுதறதுனால என்ன ஆச்சு? தீர்ப்பு மாறல. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் கெடைக்கல. ரிவ்யூ (மறுபரிசீலனை) மனுவும் நிக்கல. அப்பறம் வந்த 114ஏ என்ன செய்யுதுன்னா, பொண்ணு கோர்ட்ல வந்து சம்மதிக்கலன்னு சொன்னா சம்மதம் இல்லன்னு கோர்ட் ஊகிச்சுக்கணும்னு சொல்லுது, அதாவது அக்யூஸ்டு தலைல பாரத்தைத் தூக்கி வெக்குது. குற்றம் நிரூபிக்கிற வரைக்கும் நிரபராதிங்கறது நம்ம சட்டத்தோட முதுகெலும்பு. ஒரு கோர்ட் தப்பு பண்ணுச்சுன்னு எல்லா அக்யூஸ்டுக்கும் அந்த முதுகெலும்பை ஒடைக்கணுமா? க்ளாஸ்ல நின்னு தீர்ப்பைக் குறை சொல்றது ஈஸி, நாளைக்கு அதே ஜட்ஜ் முன்னாடி நின்னு பெயில் கேக்கப் போறது நாங்கதானே

கருவேலங்காடு:
சார், ஒவ்வொண்ணா வரேன்.

மொதல்ல 114ஏ. அது எல்லா கேஸுக்கும் வர்றதில்லன்னு உங்களுக்கே தெரியும். 1983ல வந்தப்ப தண்டனைச் சட்டம் 376(2)ல (கடுமையான பலாத்காரக் குற்றங்கள்) இருந்த சில வகைகளுக்கு மட்டும்தான், போலீஸ் கஸ்டடி, அரசு ஊழியர், ஜெயில், ஆஸ்பத்திரி இந்த மாதிரி அதிகாரம் ஒரு பக்கமே குமிஞ்சு கெடக்கற எடங்கள். அதுலயும் உடலுறவு நடந்துச்சுங்கறதை ப்ராசிக்யூஷன் நிரூபிக்கணும், அதுக்கப்பறம் சம்மதம்ங்கற ஒரே கேள்வில மட்டும்தான் ஊகம் வருது. பூட்டின ஸ்டேஷனுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு வெளில நிக்கறவனுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சவன் உள்ள இருந்த போலீஸ்காரன் மட்டும்தான், அப்ப அவன்தானே சொல்லணும். இதை முதுகெலும்பு ஒடையறதா நான் பாக்கல.

ரெண்டாவது, வாத்தியாருக்கு ஈஸின்னீங்க. 1970ல இதே சுப்ரீம் கோர்ட் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடுக்கு கன்டெம்ப்ட்ல (கோர்ட் அவமதிப்பு) தண்டனையை உறுதி பண்ணுச்சு, ஞாபகம் இருக்கா? நீதிபதிகளுக்கு வர்க்கச் சார்பு இருக்குன்னு பிரஸ் மீட்ல சொன்னதுக்கு. ஃபைனை 1000லேர்ந்து 50 ரூபாயா கொறைச்சாங்க, ஆனா குற்றம் குற்றம்தான்னு சொல்லிட்டாங்க. பேசினப்ப அவர் ஒரு மாநிலத்து முதலமைச்சர். அந்தத் தீர்ப்பு வந்து ஒம்பது வருஷம்தான் ஆகுது, அப்ப நாலு பேராசிரியர் இந்தியத் தலைமை நீதிபதிக்கு நேரா பேரு போட்டு கையெழுத்து வெச்சு, உங்க கோர்ட் மனித உரிமையையும் சட்டத்தையும் கை விட்டுருச்சுங்கற தொனில எழுதறாங்கன்னா அது ஈஸியான காரியமா?

பழைய_லெக்சரர்:
ரிட்டயர் ஆகி வீட்ல இருக்கேன், இந்த மாதிரி இழை பாத்து ரொம்ப நாளாச்சு. வக்கீல் தம்பி கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான், அதுக்குள்ளயே பதிலும் இருக்கு. "நாளைக்கு அதே ஜட்ஜ் முன்னாடி நிக்கப் போறது நாங்க"ன்னீங்களே, அதுனாலதான் அந்தக் கடிதத்தை ஒரு வக்கீலால எழுதியிருக்க முடியாது. ஜட்ஜாலயும் முடியாது, கீழ்க் கோர்ட் ஜட்ஜுக்கு மேல் கோர்ட் தீர்ப்பு கட்டுப்படுத்தும், அவர் முணுமுணுக்கலாம் அவ்ளோதான். முழுநேர சம்பளத்துல இருக்கற வாத்தியார் பார்ல ப்ராக்டிஸ் பண்ண முடியாதுங்கறது நம்ம நாட்டு விதி (வக்கீல் வந்து நாளைக்கு மூணு மணி நேரத்துக்கு மிகாம பாடம் எடுக்கலாம்னு 1979 விதி இருக்கு, அது வேற). பல வாத்தியாருங்களுக்கு இது பெரிய மனக்குறை, எங்க காலத்துலயும் ஸ்டாஃப் ரூம்ல இதேதான் பேச்சு, கோர்ட்டுக்குப் போகாம எப்படி சட்டம் சொல்லித்தர்றதுன்னு. ஆனா அதோட இன்னொரு பக்கத்தைப் பாருங்க. எந்த பெஞ்ச் தயவும் அவனுக்குத் தேவையில்ல. க்ளையன்ட் கெடையாது. தீர்ப்பை ஒரு விடைத்தாள் மாதிரி கைல எடுத்து, இந்த எடத்துல ரீசனிங் தப்புன்னு செவப்பு மையில சுழிக்க முடிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். அந்தச் சுதந்திரத்தை லோதிகா சர்க்கார் மாதிரி சில பேர்தான் உபயோகப்படுத்தினாங்க, மத்தவங்க நோட்ஸ் டிக்டேட் பண்ணியே காலத்தை ஓட்டிட்டாங்க.

இதுக்கு ஒரு பின்னணியும் உண்டு. டெல்லி சட்டத்துறைல 1960கள்லயே கேஸ் மெத்தட் வந்துருச்சு. பாடப்புத்தகத்தை ஒப்பிக்கறது இல்ல, தீர்ப்புகளைக் கட்டா ப்ரின்ட் போட்டுக் குடுத்துருவாங்க, படிச்சுட்டு வரணும், க்ளாஸ்ல ஃபேக்ட்ஸ் சொல்லு, ஹோல்டிங் (கோர்ட் எடுத்த முடிவு) சொல்லு, சரியான்னு சொல்லுன்னு நிக்க வெச்சுக் கேப்பாங்க. வருஷக்கணக்கா தீர்ப்பை அப்படிப் பிரிச்சுப் பாத்துப் பழகின கண்ணுக்கு துக்காராம் தீர்ப்பு எப்படிப் பட்டிருக்கும்னு யோசிங்க.

நெய்தல்:
பழைய லெக்சரர் ஐயா சொன்னதோட ஒண்ணு சேக்கறேன். நான் பெண்கள் அமைப்புல வேலை பாக்கறவ, சட்டம் படிச்சவ இல்ல. கடிதம் வெறும் தர்க்கத்தோட நிக்கலங்கறதுதான் எனக்கு முக்கியம். ஏழை, பழங்குடி, அதுவும் சின்னப் பொண்ணு, ரெண்டு போலீஸ்காரங்ககிட்ட மாட்டிக்கிட்டவ, அவ கத்திக் கூச்சல் போட்டிருக்கணும்னு நாட்டோட உச்ச நீதிமன்றம் எதிர்பாக்குதான்னு நேராவே கேட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு ஏற்கனவே ஒரு உறவு இருந்ததை அவளுக்கு எதிரா எடுத்துக்கிட்டதையும் கேட்டாங்க. யாரும் அவ எடத்துல நின்னு பாக்கலன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. 1979ல சுப்ரீம் கோர்ட்ல ஒரு பெண் நீதிபதி கூட கெடையாது, பாத்திமா பீவி அம்மா வந்ததே 1989லதான்.

"கடிதத்தால என்ன ஆச்சு"ன்னு கேட்ட அண்ணனுக்கு: 1980 ஜனவரிலேயே பம்பாய்ல பெண்கள் கூடி இதுக்காகவே அமைப்பு ஆரம்பிச்சாங்க. மார்ச் 8 பெண்கள் தினத்துக்குப் பல ஊர்கள்ல ஊர்வலம், வழக்கை மறுபடி விசாரின்னு. அந்த வருஷமே சட்ட ஆணையம் 84வது அறிக்கை குடுத்துச்சு. இன்னைக்கு நாங்க ஸ்டேஷன் வாசல்ல போய் நின்னு, ராத்திரில ஒரு பொண்ணை இங்க ஏன் வெச்சிருக்கீங்கன்னு கேக்க முடியுதுன்னா, அந்த தைரியம் அந்தத் தலைமுறை பொம்பளைங்க குடுத்தது.

தாமரைச்செல்வி_எல்எல்எம்:
நெய்தல் அக்கா ராத்திரி ஸ்டேஷன்னு சொன்னதும் எனக்கு இன்னொண்ணு தோணுச்சு. கடிதத்துலேயே ரொம்பக் கூர்மையான எடம் அதுதான். பெண்களை விசாரணைக்கு அவங்க இருக்கற எடத்தை விட்டு வேற எங்கயும் வரச் சொல்லக் கூடாதுன்னு பழைய க்ரிமினல் ப்ரொசீஜர் கோட்ல 160வது பிரிவு இருக்கு. 1978 ஏப்ரல்ல நந்தினி சத்பதி வழக்குல, இதே சுப்ரீம் கோர்ட்ல, நீதிபதி கிருஷ்ணய்யர் இதைத்தான் கடுமையாக் கண்டிச்சாரு. நந்தினி சத்பதி ஒரிசாவோட முன்னாள் முதலமைச்சர். அஞ்சு மாசம் கழிச்சு அதே கோர்ட், ஒரு கூலிக்காரப் பொண்ணு ராத்திரில ஸ்டேஷனுக்கு வரவழைக்கப்பட்டதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. முன்னாள் முதலமைச்சருக்கு இருந்த பாதுகாப்பு இந்தப் பொண்ணுக்கு ஏன் இல்லன்னு கடிதம் கேட்டதுக்கு யார்கிட்டயும் பதில் இருந்திருக்காது.

க்ராஸ்_எக்ஸாமினர்:
160 பாயின்ட் எனக்கு இதுக்கு முன்னாடி தோணல, அது நல்ல பாயின்ட், ஏத்துக்கறேன். கஸ்டடி வரைக்கும்னா 114ஏ-ல எனக்கும் பெருசா சண்டை இல்ல. என் கவலை வேற. ஒவ்வொரு தடவையும் ஒரு கேஸ் பேப்பர்ல பெருசா வந்தா உடனே சட்டத்தைத் திருத்தறது, தண்டனையைக் கூட்டறதுன்னே போகுது, கூட்டினதுல கன்விக்‌ஷன் கூடுதான்னு யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. குறைஞ்சபட்ச தண்டனை கூடக்கூட ஜட்ஜுங்களுக்கு கன்விக்ட் பண்ண கை வரமாட்டேங்குது, இது ட்ரையல் கோர்ட்ல நிக்கறவனுக்குத் தெரியும். இதையெல்லாம் பேராசிரியர்கள் ஆராய்ச்சி பண்ணி சொன்னா நல்லாருக்கும்

கருவேலங்காடு:
இது சரியான கோரிக்கை சார். அதுவும் வாத்தியார் வேலைதான், நாங்க போதுமான அளவு செய்யலங்கறது உண்மை.

திருத்தம் பத்தி ஒண்ணு மட்டும். 1983 திருத்தம் கேட்டதுல பாதியைத்தான் குடுத்துச்சு. பொண்ணோட "நடத்தை"யைக் கெளறி சாட்சியத்தை உடைக்கலாம்ங்கற சாட்சியச் சட்டம் 155(4) அப்படியே இருந்துச்சு, 2002 திருத்தச் சட்டம் வந்துதான் போச்சு. சம்மதம்னா என்னங்கற விளக்கம் வர 2013 ஆச்சு. உடம்பால எதிர்க்கலங்கற ஒரே காரணத்துக்காக சம்மதிச்சதா எடுத்துக்கக் கூடாதுன்னு பலாத்காரம்னா என்னன்னு சொல்ற தண்டனைச் சட்டம் 375க்குக் கீழ ஒரு வரி சேத்தாங்க, இப்ப புது தண்டனைச் சட்டமான நியாய சம்ஹிதால 63க்குக் கீழ இருக்கு. அந்த வரியைப் படிங்க, 1979 கடிதத்தோட சாரம் அதுல இருக்கு. 34 வருஷம் கழிச்சு சட்டப் புத்தகத்துல ஏறுச்சு. லோதிகா மேடம் பிப்ரவரில போயிட்டாங்க, ஏப்ரல்ல அந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் ஆச்சு.

கடைசிபெஞ்ச்:
சார் இதையெல்லாம் க்ளாஸ்ல யாரும் சொன்னதில்ல. அவங்க வேற என்ன செஞ்சாங்க? கோர்ட்டுக்கே போகலயா?

பழைய_லெக்சரர்:
போனாங்க தம்பி, பேராசிரியராவே போனாங்க. ஆக்ரால பெண்களுக்கான பாதுகாப்பு இல்லம்னு அரசாங்கம் நடத்தின ஒரு எடம், உள்ள நெலமை கேவலம். பக்ஷியும் லோதிகா சர்க்காரும் சேந்து 1981ல சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினாங்க, அரசியல் சட்டம் 21வது பிரிவுப்படி மனுஷத் தன்மையோட வாழற உரிமை அந்தப் பொண்ணுங்களுக்கு மறுக்கப்படுதுன்னு. கோர்ட் கடிதத்தையே ரிட் மனுவா எடுத்துக்கிட்டுச்சு. உபேந்திர பக்ஷி எதிர் உத்தரப் பிரதேசம்னு தேடினா கெடைக்கும். பொதுநல வழக்குன்னு இன்னைக்கு எதுக்கெடுத்தாலும் போடறாங்களே, அது தொடங்கின வருஷங்கள்ல வந்த வழக்கு. ரெண்டு வருஷம் முந்தி கோர்ட்டை எதிர்த்துக் கடிதம் எழுதின அதே ரெண்டு பேர், அதே கோர்ட்டுக்கு வேற கடிதம் எழுதறாங்க, கோர்ட்டும் கேக்குது. கோர்ட் மேல மரியாதை இருந்ததுனாலதான் முதல் கடிதத்தையும் எழுதியிருக்காங்கன்னு நான் நெனைக்கறேன்.

ஆனா பக்ஷி அதைப் பொதுநல வழக்குன்னு சொல்ல மாட்டாரு, சமூகச் செயல்பாட்டு வழக்குன்னுதான் எழுதுவாரு. அமெரிக்கால நடந்தது வேற, இங்க கஷ்டப்படறவனுக்காகப் பேசறது வேறன்னு அவர் வாதம்.

நெய்தல்:
பெண்கள் நிலை கமிட்டில அவங்களும் வீணா மஜும்தாரும் சேந்து எழுதின மாறுபட்ட குறிப்பையும் விட்டுறாதீங்க. சட்டமன்றம் பார்லிமென்ட்ல பெண்களுக்கு இடஒதுக்கீடு வேணாம்னு கமிட்டில பெரும்பாலானவங்க முடிவு பண்ணப்ப, வேணும்னு தனியா எழுதி அறிக்கையோட சேத்தாங்க. அது 1974. பஞ்சாயத்துல மூணுல ஒரு பங்கு அரசியல் சட்ட 73வது திருத்தத்துல வந்துச்சு, பார்லிமென்ட்டுக்கு 2023ல 106வது திருத்தம் நிறைவேறினாலும் அது நடைமுறைக்கு வர்றது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறையோட முடிச்சுப் போட்டு வெச்சிருக்கு. எங்க ஏரியா பஞ்சாயத்துத் தலைவியம்மாவைப் பாக்கும்போதெல்லாம் அந்த ரெண்டு பேர் கையெழுத்து எனக்கு ஞாபகம் வரும்.

இன்னொரு விஷயம் மனசைப் பிசையுது. 2005ல கணவர் இறந்தப்பறம் மேடத்தோட டெல்லி வீடு வேற கைக்குப் போய், அதை மீட்டுக் குடுக்க சிநேகிதங்களும் பழைய மாணவர்களும் போராட வேண்டியதாச்சு, அப்ப பேப்பர்லயே வந்துச்சு. ஆயுசு முழுக்க மத்த பொண்ணுங்க உரிமைக்காக சட்டம் பேசினவங்க, எண்பது வயசுக்கு மேல தன் கூரைக்காக சட்டத்தைத் தேட வேண்டி வந்துச்சு. கூட நின்ன மாணவர்கள் இருந்தாங்கங்கறதுதான் ஒரு ஆறுதல்.

க்ராஸ்_எக்ஸாமினர்:
இது தெரியாது. ரொம்ப வருத்தமா இருக்கு. வாத்தியாருக்காக மாணவர்கள் வந்து நின்னாங்கன்னா அவங்க க்ளாஸ் எப்படி இருந்திருக்கும்னு புரியுது

ஒரு கேள்வி, இவ்ளோ பெரிய ஆட்களை ஏன் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா போடல? அரசியல் சட்டத்துல வழி இருக்குல்ல?

தாமரைச்செல்வி_எல்எல்எம்:
இருக்கு அண்ணா. 124(3)ல மூணு வழி: அஞ்சு வருஷம் ஹைகோர்ட் ஜட்ஜ், பத்து வருஷம் ஹைகோர்ட் வக்கீல், இல்லன்னா குடியரசுத் தலைவர் கருத்துல சிறந்த சட்ட அறிஞர். இந்த மூணாவது வழில இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் கூட உள்ள போனதில்ல. 1950லேர்ந்து! ஹைகோர்ட்டுக்கும் இதே வழியை 42வது திருத்தம் கொண்டு வந்துச்சு, 44வது திருத்தம் எடுத்துருச்சு. வழி எழுதி வெச்சிருக்கு, கதவு திறந்ததே இல்ல. என்னைக் கேட்டா இது நாட்டுக்குத்தான் நஷ்டம். துக்காராம் பெஞ்ச்ல கிரிமினல் லா பேராசிரியர் ஒருத்தர் உக்காந்திருந்தா சம்மதம் பத்தின பாராவை அப்படி எழுத விட்டிருப்பாங்களா?

பழைய_லெக்சரர்:
ஜட்ஜா ஆகலன்னா கொறை ஒண்ணும் இல்லம்மா. சட்டப் பேராசிரியர் மாதவ மேனன் ஜட்ஜ் ஆகல, ஆனா பெங்களூர் நேஷனல் லா ஸ்கூலை ஆரம்பிச்சு அஞ்சு வருஷப் படிப்பை நாடு பூரா பரவ வெச்சாரு, அப்பறம் போபால் நேஷனல் ஜுடிஷியல் அகாடமில ஜட்ஜுங்களுக்கே பயிற்சி குடுக்கற எடத்தை முதல் இயக்குநரா இருந்து நடத்தினாரு. அம்பேத்கர் 1935லேர்ந்து 38 வரைக்கும் பம்பாய் அரசு சட்டக் கல்லூரி ப்ரின்சிபால், இதைப் பல பேர் மறந்தே போயிட்டாங்க. வாத்தியாருக்குன்னு ஒரு தனி எடம் இருக்கு, பெஞ்ச்சுக்குப் போறதுக்கான வெயிட்டிங் ரூம் இல்ல அது.

கடைசிபெஞ்ச்:
எனக்கு டீச்சிங் போகலாமான்னு இப்பதான் தோணுது. வீட்ல எல்லாரும் கறுப்பு கோட்டு போடு இல்லன்னா சிவில் ஜட்ஜ் எக்ஸாம் எழுதுன்னுதான் சொல்றாங்க. டீச்சிங்னா சம்பளம் வருமா, என்ன படிக்கணும்?

கருவேலங்காடு:
எல்எல்எம் (சட்ட முதுகலை) முடிக்கணும், அப்பறம் நெட் இல்லன்னா செட்னு விரிவுரையாளர் தகுதித் தேர்வு, முடிஞ்சா பிஎச்டி. அரசு கல்லூரில அசிஸ்டன்ட் ப்ரொஃபசர்னா யூஜிசி ஸ்கேல்ல அடிப்படைச் சம்பளமே 57,700ல ஆரம்பம். அதுல கஷ்டம் இல்ல. கஷ்டம் போஸ்டிங் வர்றதுலதான். வருஷக்கணக்கா காலி எடத்தை நிரப்பாம கெஸ்ட் லெக்சரரை வெச்சு ஓட்டறாங்க, அவங்களுக்கு மணிக்கணக்குல காசு, லீவுல அதுவும் இல்ல, அப்படி இருக்கறவன் எங்க உக்காந்து ஆராய்ச்சி பண்றது, எந்த தைரியத்துல கடிதம் எழுதறது? லோதிகா மேடத்துக்கு நிரந்தர வேலை இருந்துச்சுங்கறதையும் சேத்துத்தான் பாக்கணும். நாளைக்கு வேலை இருக்குமான்னு தெரியாத வாத்தியார் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுத மாட்டான். இதை நான் குறையா சொல்லல, அந்தச் சுதந்திரம் காத்துல வர்றதில்லன்னு சொல்றேன்.

ஆனா வா தம்பி. நல்லாப் படிச்சவங்க வந்தாதான் இந்தத் துறை நிமிரும்.

க்ராஸ்_எக்ஸாமினர்:
கருவேலங்காடு சார், கடிதம் முழுசா எங்க கெடைக்கும்? தீர்ப்பு 1979 எஸ்சிசி (சுப்ரீம் கோர்ட் தீர்ப்புத் தொகுப்பு) ரெண்டாவது வால்யூம் பக்கம் 143, அது எங்க பார் லைப்ரரில இருக்கு.

கருவேலங்காடு:
அதே வருஷம் நாலாவது வால்யூம் எடுங்க சார், ஜர்னல் செக்‌ஷன், பக்கம் 17. தீர்ப்பை மொதல்ல படிச்சுட்டு கடிதத்தைப் படிங்க.

க்ராஸ்_எக்ஸாமினர்:
திங்கக்கிழமை எடுத்துப் படிக்கறேன். ஜூனியர் பசங்க ரெண்டு பேரையும் கூட உக்கார வெச்சு சத்தமா வாசிக்கச் சொல்லப் போறேன், மாறுபட்ட கருத்து இருந்தா இங்கயே வந்து எழுதறேன், விட மாட்டேன்

கடைசிபெஞ்ச்:
அண்ணே எனக்கும் அந்த நாலாவது வால்யூம் பக்கத்தை போட்டோ எடுத்துப் போடுங்க ப்ளீஸ், எங்க காலேஜ் லைப்ரரில 1985க்கு முந்தின எஸ்சிசி எல்லாம் பூட்டி வெச்சிருக்காங்க, சாவி யார்கிட்ட இருக்குன்னே தெரியல. நானும் நாளைக்கு லைப்ரரியன் மேடத்துகிட்ட லெட்டர் எழுதிக் குடுத்துப் பாக்கறேன்